இரண்டாம் கொட்டிலில் முப்பத்தொன்பது

786

அஸ்தினாபுரம்
செப்டம்பர் 3, புதன்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு நிகத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

காய்ச்சல் போய்விட்டது. மூட்டு வலிதான், காலி பண்ண மாட்டேன் என்று அடம்பிடிக்கிற வாடகைக்காரன் மாதிரி உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் வைத்துவிட்டுப் போன மிளகு ரசப் பொடி தீர்ந்துவிட்டது. நீங்கள் பஸ் ஏறிய மறுநாளே மிக்ஸியும் நின்றுவிட்டது. எல்லாம் நீங்கள் இருக்கும்வரை நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, தலை மறைந்ததும் வேலையைக் காட்டுகின்றன.

நேற்றுதான் மையத்துக்குப் போனேன். பன்னிரண்டு நாள் படுக்கையில் கிடந்தவளைப் பார்த்து எப்படி இருக்கிறாய் என்று ஒருவர் கேட்கவில்லை. தண்ணீர் லாரி இரண்டு நாளாக வரவில்லை, வாசலில் செருப்பு நனைக்கிற மருந்துப் பொடி தீர்ந்துவிட்டது, சனிக்கிழமை ஏதோ கல்லூரியிலிருந்து நாற்பது பேர் பார்க்க வருகிறார்கள், இந்த மூன்று செய்திதான் எனக்குக் கிடைத்த வரவேற்பு. ஆமைக்குட்டிகளை மனித வாடையே தெரியாமல் வளர்க்க வேண்டும் என்று சட்டம் போடுகிறவர்களே பஸ் வைத்து ஆட்களைக் கூட்டி வருகிறார்கள். போன முறை ஒரு பெண் வேலிக்கு மேலே கையை நீட்டி போட்டோ எடுத்துக்கொண்டதை நீங்களும்தான் பார்த்தீர்கள்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எனக்குப் பதிலாக ஆகஸ்ட் 24 அன்று எடை பார்த்து, பெரிசு சின்னதாகப் பிரித்து அடுக்கியபோது மூன்று கொட்டிலுக்கும் முப்பத்தெட்டு முப்பத்தெட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். நேற்று நான் ஒவ்வொன்றாகத் தூக்கி, ஓட்டின் விளிம்பில் அடையாளத்துக்கு அரத்தால் போட்ட வெட்டைப் பார்த்து எண்ணினேன். ஒன்றிலும் மூன்றிலும் முப்பத்தெட்டு. இரண்டாம் கொட்டிலில் முப்பத்தொன்பது. தலை சுற்றுகிறது, காய்ச்சலின் மிச்சம் என்று நினைத்து மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்பதுதான். ஒன்று குறைந்தால் ஊரைக் கூட்டிக் கேட்கலாம். ஒன்று கூடினால் யாரைப் போய்க் கேட்பது?

கூடுதலாக இருந்ததைக் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. அதன் ஓட்டில் வெட்டு இல்லை. நட்சத்திரக் கோடெல்லாம் இருக்கிறது, ஆனால் ஓடு வழவழப்பாக இல்லாமல் ஒவ்வொரு கட்டமும் மேடு தட்டியிருக்கிறது. சோறும் ரொட்டியும் போட்டு வளர்த்தால் அப்படித்தான் ஆகும். நகம் வளைந்து நீண்டிருக்கிறது. மண்ணையே பார்க்காமல் டைல்ஸ் தரையில் நடந்த நகம். யாரோ வீட்டில் அதிர்ஷ்டத்துக்கு வைத்திருந்துவிட்டு, போலீஸ் பயம் வந்ததும் கொண்டுவந்து நம் தலையில் கட்டிவிட்டார்கள். நம்முடையதில் எதைத் தூக்கினாலும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு சீறும். இது என் கையைப் பார்த்து நாலடி முன்னால் வந்தது. அதைக் கண்டதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

தனியாக எடுத்து ஸ்டோர் ரூமில் ஒரு தொட்டியில் விட்டிருக்கிறேன். இது கேட்டில் நிற்கிற லோகநாதன் அண்ணன் வேலையாகத்தான் இருக்கும். யாராவது பிஸ்கட் டப்பாவில் கொண்டுவந்து கெஞ்சியிருப்பார்கள், அவரும் மனசு இளகி உள்ளே விட்டிருப்பார். கேட்டால் சத்தியம் பண்ணுகிறார். மையத்து டாக்டர் ஜீவிதாவிடம் அவர் பேரைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் எப்படி இருக்க முடியும்?

நான்கு வருடத்துக்கு முன் ஏர்போர்ட்டில் பிடித்த பெட்டியை நம் மேஜையில் கொட்டினார்களே, நினைவிருக்கிறதா? குழந்தைகள் போடுகிற காலுறைக்குள் செலோடேப் சுற்றி, எலுமிச்சம்பழ அளவில் ஒவ்வொன்றும். டேப்பை வெட்டி வெட்டி என் கட்டைவிரல் மரத்துப்போனது. அந்த மாதமே பாதி செத்தன. மிச்சம் நின்ற நூற்றுப் பதினான்கும் இன்று கொட்டாங்குச்சி அளவு இருக்கின்றன. இனி காக்கையோ கீரியோ தொட முடியாது. அக்டோபரில் மழை விழுந்ததும் நீங்கள் வேலி கட்டிக்கொண்டிருக்கிற அந்தக் காட்டில் அவற்றை விடப்போகிறோம். இவ்வளவு தூரம் வந்த பிறகு ஒரு பிஸ்கட் டப்பா புகுந்து கெடுத்துவிடக் கூடாது.

நீங்கள் என் வேலையைப் பார்த்த நாட்களில் கேட் பக்கம் யாராவது டப்பாவோடு, பையோடு நின்றதைப் பார்த்தீர்களா? யோசித்து எழுதுங்கள். சனிக்கிழமை ஜீப் திரும்பும்போது டிரைவர் பென்னி தம்பியிடம் கொடுத்தனுப்புங்கள்.

வெயிலில் தலைக்குத் துண்டு இல்லாமல் நிற்காதீர்கள். பன்னிரண்டு நாளும் எனக்குக் கஞ்சி காய்ச்சி ஊட்டிய கைக்கு அல்லாஹ் ஒரு குறையும் வைக்க வேண்டாம்.

உங்கள்
நிகத்


786

அஸ்தினாபுரம்
செப்டம்பர் 17, புதன்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. அதைக் கடிதம் என்று சொல்வதா, சீட்டு என்று சொல்வதா? மொத்தம் ஐந்து வரி. மூன்று வரி வேலிக் கம்பி, ஒரு வரி வெயில். "யாரையும் பார்க்கவில்லை, நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே" என்று கடைசி வரி. தலையில் 786 கூடப் போடவில்லை. கல்யாணமாகி இந்தப் பத்தொன்பது வருடத்தில் மளிகைச் சீட்டுக்கூட அது இல்லாமல் நீங்கள் எழுதி நான் பார்த்ததில்லை. சரி, ஜீப் ஹாரன் அடித்திருக்கும், அவசரத்தில் விட்டிருப்பீர்கள்.

மனசைக் குழப்பிக்கொள்ளாமல் எப்படி இருக்கச் சொல்கிறீர்கள்? அந்தக் கடிதம் வந்த அதே சனிக்கிழமை, இரண்டாம் கொட்டிலில் ஒரு குட்டியின் மூக்கில் நீர்க்குமிழி பார்த்தேன். திங்கட்கிழமை ஆறு குட்டி. கண்ணைத் திறக்க மாட்டேன் என்கின்றன. கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு விடுகின்றன. சப்பாத்திக்கள்ளியை முள் நீக்கி வாய்க்கு நேரே வைத்தாலும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கின்றன. இதுவரை நான்கு போய்விட்டன. அதில் ஒன்று, வந்த முதல் வாரத்திலேயே செத்துவிடும் என்று டாக்டர் ஒதுக்கி வைத்து, நீங்கள் சொட்டு மருந்து விட்டுப் பிழைக்கவைத்தீர்களே, அந்த நாற்பத்தொன்றாம் எண்.

வந்த விருந்தாளிக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. அதன் உடம்பிலிருந்துதான் இது வந்திருக்கும் என்கிறார் டாக்டர். அது பல வருடமாக நோயை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே காட்டாமல் இருக்குமாம். தொட்டியில் கால் நீட்டித் தூங்குகிறது. கீரையைத் தொடுவதில்லை. நான் டீயில் ரொட்டி நனைத்துத் தின்றால் மட்டும் எட்டிப் பார்க்கிறது.

இனிமேல்தான் பெரிய தலைவலி. நோய் தொற்றின ஆமை ஒன்றைக் காட்டில் விட்டால், அங்கே ஏற்கெனவே இருக்கிற காட்டு ஆமைகளுக்கும் பரவிவிடும். அதனால் சந்தேகம் உள்ள ஒன்றைக்கூட விட முடியாது என்று டாக்டர் ஜீவிதா கறாராகச் சொல்லிவிட்டார். பரிசோதனையில் சுத்தம் என்று வந்தாலும் முழுசாக நம்ப முடியாதாம். நான் விடவில்லை. ஒவ்வொரு கொட்டிலுக்கும் தனித் துடைப்பம், தனித் தட்டு, தனிச் செருப்பு, எதையும் நாம் கலந்ததில்லை, ஒன்றும் மூன்றும் என்ன பாவம் பண்ணின என்று வாதாடினேன்.

அதற்கு அவர் காட்டியது உங்கள் கையெழுத்தை. ஆகஸ்ட் 24 அன்று அடுக்கியபோது இரண்டாம் கொட்டிலிலிருந்து பதினொன்றை மற்ற இரண்டுக்கும் மாற்றி, அங்கிருந்து பதினொன்றை இங்கே கொண்டுவந்திருக்கிறீர்கள். வெளி ஆமை அதற்கு முன்னாலேயே உள்ளே வந்திருந்தால் மூன்று கொட்டிலும் கெட்டுவிட்டது என்று அர்த்தம். 24க்குப் பிறகு வந்திருந்தால் இரண்டாவது மட்டும்தான். மற்ற எழுபத்தாறும் காட்டுக்குப் போகலாம். உங்கள் பதிவில் 38 என்று இருக்கிறதே, அப்படியானால் பிறகுதானே வந்திருக்க வேண்டும் என்றேன். நான் என் புருஷனை நம்புகிறேன் மேடம் என்றும் சொன்னேன். அவர் நல்லவிதமாகத்தான் பேசினார். ஷாகுல் பாய் மேல் சந்தேகம் இல்லை, புதருக்குள் பதுங்கிய ஒன்று எண்ணிக்கையில் விட்டுப்போயிருக்கலாம், கொண்டுவந்து விட்டவர் யார், எந்தத் தேதி என்று தெரியாமல் வெறும் 38ஐ நம்பி நான் கையெழுத்துப் போட முடியாது என்றார். அக்டோபர் 6, திங்கட்கிழமை அவர் அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்குள் தேதி தெரியாவிட்டால் அத்தனையும் காலம் முழுக்கக் கூண்டில்தான்.

லோகநாதன் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தேதியை மட்டும் சொல்லிவிடுங்கள், யாரென்று கூடக் கேட்கவில்லை என்று எல்லாருமாக அவரை மூன்று நாள் படுத்தினோம். நானும்தான். கடைசி நாள் சாவியை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"எல்லார் பையையும் பாத்தேம்மா. பாய் பைய மட்டும்தான் பாக்கல. அதுல இன்னா கீது, கள்ளிதானே."

எனக்கு வந்ததே ஆத்திரம். உம்ம தப்பை மறைக்க என் வீட்டு மனுஷன் பையை இழுக்கிறீரா என்று கேட்டுவிட்டேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அதையெல்லாம் எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் சாக்கடை அடைத்துக்கொண்டு நாலு நாள் ஆகிறது. கார்ப்பரேஷன் ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு மழைக்குப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மழைக்குப் பிறகு அவர் எதைப் பார்ப்பார்? நம்மை வேண்டுமானால் மிதக்கப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை அனகாபுத்தூரில் ஷரீஃபா லாத்தா வீட்டில் நபிகள் பேரில் மவ்லூது ஓதுகிறார்கள். வரச் சொல்லி இரண்டு முறை போன் பண்ணிவிட்டார்கள். போகிற மனசே இல்லை. ஆனால் போகாவிட்டால் உங்கள் கூடப்பிறந்தவர் என்னை ஒரு வருடம் விடமாட்டார்.

எனக்காக இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள். சின்னதாக எது நினைவு வந்தாலும் எழுதுங்கள். இந்த முறை ஐந்து வரி அனுப்பினால் பென்னியிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

நோயிலிருந்தும் விஷப் பூச்சியிலிருந்தும் உங்களை அல்லாஹ் காக்கட்டும்.

உங்கள்
நிகத்


786

அஸ்தினாபுரம்
அக்டோபர் 1, புதன்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்த முறை நீங்கள் ஐந்து வரிகூட அனுப்பவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, எழுத நேரமில்லை என்று பென்னியிடம் வாயால் சொல்லியனுப்பியிருக்கிறீர்கள். காட்டில் அந்தி சாய்ந்த பிறகு உங்களுக்கு அப்படி என்ன வேலை என்று நான் கேட்கப்போவதில்லை. ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

லாத்தா வீட்டு மவ்லூதுக்குப் போயிருந்தேன். ஓதி முடித்து, நெய்ச்சோறு பரிமாறி, எல்லோரும் கிளம்பிய பிறகு பாத்திரம் கழுவப் பின்கட்டுக்குப் போனேன். குழாயடியில் ஒரு பெரிய அலுமினியத் தொட்டியைக் கழுவிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஓரமெல்லாம் உள்பக்கமாக நகம் கீறிய கோடு. நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே லாத்தா பின்னாலிருந்து கேட்டார்:

"நிகத்து, எங்க சுல்தான் எப்டி கீறான்? ரொட்டிய பால்ல ஊற வெச்சுக் குடு. இல்லன்னா துன்ன மாட்டான்."

எனக்குத் தெரிந்திருக்கும் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த தேக்சாவைக் கீழே வைத்துவிட்டு, நன்றாக இருக்கிறான் லாத்தா என்றேன். பொய்யில்லை, நன்றாகத்தான் இருக்கிறான்.

பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார். பதினோரு வருடத்துக்கு முன் யாரோ வீட்டுக்கு ராசி என்று கொடுத்தது. பெருவெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் ஜன்னல் வரை வந்தபோது, நகையை விட்டுவிட்டு அவனைத் தேக்சாவில் வைத்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாராம். இப்போது பக்கத்துத் தெருவில் இதே மாதிரி ஒன்றை வைத்திருந்த வீட்டில் அதிகாரிகள் வந்து விசாரித்ததும் பயந்துபோய் உங்களிடம் அழுதிருக்கிறார். நீங்கள் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகிற வழியில் வந்து, கள்ளிச் சாக்கில் போட்டு எடுத்துப் போனீர்களாம். லாத்தா அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் என்னவென்று எழுதுவது?

"பதினோரு வருஷம் தன் ஜாதிய பாக்காமலே கெடந்தான் நிகத்து. ஷாகுல் சொன்னான், லாத்தா, ஒன் புள்ளைய அவன் ஆளுங்களோட உட்டுட்டேன், இனிமே தனியா இல்லன்னு. எனக்கு அழுவையே வந்துச்சு."

எந்த வெள்ளிக்கிழமை என்று நைசாகக் கேட்டேன். ஆகஸ்ட் கடைசியில் ஏதோ ஒன்று என்றார். இருபத்திரண்டா இருபத்தொன்பதா என்று அவருக்கு நினைவில்லை. அதற்கு மேல் அழுத்திக் கேட்டால் ஏன் என்று கேட்பார். ஏழு குட்டி செத்துவிட்டது, லோகநாதன் அண்ணன் வேலை போய்விட்டது, எல்லாம் உங்கள் சுல்தானால்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? ஆமாம் மச்சான், இப்போது ஏழு. நான் நெய்ச்சோற்றுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பல்லாவரம் வரைக்கும் நடந்தே வந்தேன். வழி முழுக்க உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

எனக்கு உங்கள் மேல் எவ்வளவு கோபம் என்றால், நான்கு நாள் உங்கள் லுங்கியைக் கொடியிலிருந்து எடுக்கவில்லை. கூடப்பிறந்தவள் அழுதால் யாருக்கும் மனசு தாங்காது. அது எனக்குப் புரிகிறது. அந்தப் பிராணி தனியாகக் கிடந்ததைப் பார்த்து உங்களுக்குப் பாவமாக இருந்தது, அதுவும் புரிகிறது. நீங்கள் அப்படிப்பட்டவர் என்றுதான் நான் உங்களோடு குடித்தனம் பண்ணுகிறேன். ஆனால் வெளி ஆமையை ஒரு நாள்கூடச் சேர்த்து வைக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தானே? மூக்கும் வாயும் சுத்தமாகத்தான் இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிட்டீர்களா? என்னிடம் சொல்லியிருந்தால் ஸ்டோர் ரூமில் ஒரு தொட்டி போதாதா? காய்ச்சலில் கிடக்கிறவளிடம் எதற்கு என்று விட்டீர்கள். சரி. காய்ச்சல் விட்ட பிறகு நான் கேட்டேனே, அப்போது ஏன் சொல்லவில்லை? ஒரு ஏழை மனுஷன் பேரைச் சொல்லி நான் வாய்கிழியப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தும், யாரையும் பார்க்கவில்லை என்று எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது?

அதை யோசித்துக்கொண்டே உங்கள் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. 786 அவசரத்தில் விட்டதில்லை. அல்லாஹ்வின் பேராக அதைப் போட்டுவிட்டு, அதற்குக் கீழே அந்தப் பொய் வரியை எழுத உங்களால் முடியவில்லை. இரண்டாம் முறை எழுதவே முடியவில்லை. இதை நினைத்தபோது எனக்குக் கோபம் பாதி குறைந்தது. குறைந்துவிட்டதே என்று இன்னொரு கோபம் வந்தது.

நேற்று லோகநாதன் அண்ணனைத் தேடிப் போனேன். மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடி வாசலில் நின்று தண்ணீர் லாரிக்குக் கை காட்டி வழி விட்டுக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டுமாம், நாற்காலி கிடையாது. உங்கள் மேல் தப்பில்லை அண்ணா, நான் பேசியது தப்பு என்று சொன்னேன். யார் என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார் போல. டீ வாங்கிக் கொடுத்தார். பாய் நல்ல மனுஷன்ம்மா என்று மட்டும் சொன்னார். அந்த டீயைக் குடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

டாக்டரிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அங்கே போன் எடுக்காது, வயர்லெஸ்ஸில் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். காட்டில் இருக்கிற எல்லா முகாமும் அதைக் கேட்கும். அதனால்தான் இந்தப் பத்து நாளும் வாயைக் கட்டிக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போகிற ஜீப்புக்காகக் காத்திருந்தேன்.

இப்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று. அவனைக் கொட்டிலில் விட்டது 22ஆம் தேதியா, 29ஆம் தேதியா? உங்களைத் தவிர இந்த உலகத்தில் அது யாருக்கும் தெரியாது. 24ஆம் தேதி எண்ணியது நீங்கள், எழுதியது நீங்கள். அந்த 38 உண்மையா, அவனைக் கணக்கில் சேர்க்காமல் எழுதியதா? 29 என்றால் ஒன்றிலும் மூன்றிலும் இருக்கிற எழுபத்தாறும் இந்த மழைக்கு உங்கள் வேலியைத் தாண்டி நடக்கும். 22 என்றால் ஒன்றுகூடப் போகாது. நான்கு வருடம் கள்ளிக்கு முள் எடுத்த என் விரல்கள் அதை நினைத்தாலே வலிக்கின்றன.

29 என்று இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதை உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் நான் கேட்கிறேன் என்பதற்காக 29 என்று எழுதிவிடாதீர்கள் மச்சான். என் மனசு நோகக் கூடாது என்று நீங்கள் எதையும் செய்வீர்கள், எனக்கு அந்தப் பயம்தான். நீங்கள் ஒரு தேதியை மாற்றி எழுதினால் நோயைத் தூக்கிக்கொண்டு எழுபத்தாறு ஆமை காட்டுக்குள் போகும். அங்கே நம் கை படாமல், நம் கள்ளி தின்னாமல் தானாக வளர்ந்தவை இருக்கின்றன. போன வருடம் முதல் மழையில் ஒன்று முகாம் பாதையைக் குறுக்கே கடந்தது, நின்று வழிவிட்டேன் என்று நீங்கள்தான் ஆசை ஆசையாக இரண்டு பக்கம் எழுதினீர்கள். அதற்கு மூக்கில் குமிழி வர வேண்டாம்.

உங்கள் வேலை போகலாம். போனால் போகட்டும், நான் இருக்கிறேன். என்னையும் நிறுத்தினால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாக்கடை அடைப்பையாவது எடுப்போம். லாத்தாவுக்காக, வீட்டில் ஆமை வைத்திருந்தவர்களுக்கு என்ன ஆகும் என்று டாக்டரிடம் பொதுவாகக் கேட்டு வைத்தேன். வைத்திருந்தவரே வந்து நடந்ததைச் சொன்னால் நான் கூட நின்று பேசுகிறேன் என்றார். என்ன ஆகும் என்று அவராலும் உறுதி சொல்ல முடியவில்லை. லாத்தாவிடம் நானே போய்ச் சொல்கிறேன். எப்படிச் சொல்வேன் என்று இன்னும் தெரியவில்லை. சுல்தானுக்கு இன்று பாலில் ரொட்டி ஊறவைத்துக் கொடுத்தேன். அவன் என்ன செய்வான்?

ஞாயிற்றுக்கிழமை வரை உங்கள் பதிலுக்காகக் காத்திருப்பேன். வரவில்லை என்றால் திங்கட்கிழமை காலையில் எனக்குத் தெரிந்ததை நானே டாக்டரிடம் சொல்லிவிடுவேன். தேதி இல்லாமல்தான் சொல்ல முடியும். அப்போது ஷாகுல் ஒளித்தான், அவன் பெண்டாட்டி காட்டிக்கொடுத்தாள் என்று ஆகும். எனக்கு அது வேண்டாம். தப்புப் பண்ணினவர் தானே சொன்னார் என்று லோகநாதன் அண்ணன் காதில் விழ வேண்டும்.

இந்த உறைக்குள் ஒரு வெள்ளைத்தாள் மடித்து வைத்திருக்கிறேன். உங்கள் பேனா மை காய்ந்திருக்கும் என்று என் பேனாவையும் பென்னியிடம் கொடுத்திருக்கிறேன். நீளமாக எழுத வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். அதெல்லாம் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். எப்போதும் எழுதுவது போல முதலில் தாளின் தலையில் 786 என்று போடுங்கள். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அதைப் பாருங்கள். பிறகு அதற்குக் கீழே தேதியை எழுதுங்கள். எந்தத் தேதியாக இருந்தாலும் நான் வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் கைக்கு அல்லாஹ் தைரியம் கொடுக்கட்டும். ஆமீன்.

சனிக்கிழமை ஜீப்பை எதிர்பார்த்திருக்கும்
நிகத்